மூன்றாவது பாட்டில் அளவு தப்பு

இரண்டாவது தடவையும் கண்ணில் சொட்டு மருந்தை விட்டுவிட்டு, "தாத்தா, முக்கால் மணி நேரம் கண்ணத் தெறக்கக் கூடாது, தெறந்தா மறுபடியும் முதல்லேர்ந்து விடணும்" என்று சொல்லி அந்த நர்ஸ் பெண் போனபோது, மருந்தைவிடத் தாத்தா என்ற சொல்தான் மாசிலாமணிக்கு அதிகம் எரிந்தது. யாருக்கு யார் தாத்தா. முப்பத்துநாலு வருஷம் தமிழாசிரியர், யாப்பிலக்கணத்துக்கு ஒரு கையேடு எழுதி அது மூன்று பதிப்பு கண்டவர், பாளையங்கோட்டையில் எந்தத் தமிழ்க் கூட்டமானாலும் முன்வரிசையில் ஒரு நாற்காலி இவருக்கென்று கிடக்கும். இந்தக் கண்ணாஸ்பத்திரிக்குள் கால் வைத்தால் தாத்தா. வாசலில் சீட்டு எழுதினவள் வேறு, கூட யாரும் வரலையா என்றாள். எனக்குக் கண்தான் பழுது, கால் இல்லை என்று சொன்னார், அவளுக்கு அது உறைக்கக்கூட இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். கண்ணை மூடுவதற்கு முன் பார்த்தார், வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பேர் தாடையைத் தூக்கி, கையை மடியில் போட்டு, பெரிய ஞானத்தைத் தேடிப் போகிற சாமியார்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தர் மண்டைக்குள்ளும் மத்தியானச் சாப்பாட்டைத் தவிர ஒன்றும் இருக்காது. மூலையில் டிவியில் எவனோ லேகியம் விற்கிறான். உடலை பேணி காக்க என்கிறான். உடலைப் பேணிக் காக்க. ஒற்றைத் தின்றுவிட்டு உடம்பை வளர்க்கச் சொல்கிறான். மூடிய இமைக்குள் செம்மண் நிறத்தில் ஒரு வெளிச்சம், அதன் நடுவில் ஒரு திட்டு. அந்தத் திட்டு மருந்தால் வந்தது என்று நினைத்துக்கொள்வது நல்லது. போன மாதத்திலிருந்தே வரியின் நடுவில் ஓர் எழுத்தை யாரோ கட்டைவிரலால் அழித்த மாதிரி இருக்கிறது, தலையைக் கொஞ்சம் திருப்பினால் எழுத்து வருகிறது, நேராகப் பார்த்தால் போய்விடுகிறது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மனைவி கோமு உடனே மகனுக்குப் போன் போடுவாள், அவன் பெங்களூரிலிருந்து அப்பா இனிமே படிக்கிறதக் கொறைங்க என்பான், படிப்பதைக் குறைத்தவனுக்குத்தான் தெரியும் குறைக்கிற வித்தை. மடியில் புத்தகம் இருந்தது. வழவழத்த அட்டை விரலில் ஒட்டியது. 'ஏழாம் வகுப்பு ஆ பிரிவும் காணாமல் போன மணியும்.' இது தலைப்பா, வருகைப்பதிவேடா. அறக்கட்டளைக்காரர்கள் பதினோரு சிறுவர் நாவலை மூட்டையாகக் கட்டி அனுப்பி, ஒன்றைத் தேர்ந்து கொடுங்கள் ஐயா என்றார்கள். பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள், பத்துப் பேருக்கு வாக்கியம் முடிக்கத் தெரியவில்லை, பதினோராவது இது. நடுவர்கள் மூன்று பேர். ஒருத்தர் வானொலியில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தியவர், எழுபது வயதிலும் வாயைத் திறந்தால் குழந்தைக் குரல்தான் வரும். இன்னொருத்தி கல்லூரிப் பேராசிரியை, எதைப் படித்தாலும் மனதைத் தொட்டது என்பாள், அவள் மனதைத் தொடாமல் போன தபால் அட்டை கிடையாது. இரண்டு பேரும் இந்த மணியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் ஒத்தால்தான் பரிசு, இல்லையென்றால் இந்த வருஷம் பரிசே கிடையாது என்பது அறக்கட்டளை விதி. பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுகிறேன் ஐயா, உங்க ஒரு வார்த்தைதான் பாக்கி என்று செயலாளர் சிதம்பரதாணு நேற்றே சொல்லி வைத்திருந்தார். அந்த ஒரு வார்த்தை இவரிடம் தயாராக இருந்தது. தொண்ணூறாம் பக்கத்திலேயே தயாராகிவிட்டது. அதற்குமேல் இவர் படிக்கவும் இல்லை.

கதை என்ன கதை. ஒரு பள்ளிக்கூடத்தில் வெண்கல மணி காணாமல் போகிறது, எப்போதோ, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற குழந்தைகள் பிறப்பதற்கு முன்னாலேயே. பழைய ஆண்டுமலரில் நாலு பாட்டு, அந்தக் காலத்து மணியடிக்கிறவர் எழுதியது, அதற்குள் துப்பு ஒளிந்திருக்கிறதாம். துப்பு. அந்தச் சொல்லுக்கு இவருக்கு இரண்டாவது அர்த்தம்தான் முதலில் தோன்றியது. நாலு குழந்தைகள் அதை வைத்துக்கொண்டு நூறு பக்கம் அலைகிறார்கள். துப்பு எங்கே இருக்கிறது என்று இவர் ஒரு நிமிஷம்கூடத் தேடவில்லை, தேட வேண்டிய வயதா இது. நேற்று ராத்திரி வீட்டில் படித்தபோது இவர் பார்த்தது பாட்டை. பாட்டு என்று ஒன்றை அச்சிலே போட்டுவிட்டால் அதைப் பார்க்காமல் இருக்க இவரால் முடியாது, சோற்றில் கல் பட்டால் பல்லுக்குத் தெரிந்துவிடுகிற மாதிரி. வட்ட வட்டத் தட்டிலே, பட்டுப் போன பூசணி, கிணற்று ஓரம் காயுது, கட்டெறும்பு மேயுது. வட்ட, பட்டு, கட்டெறும்பு, ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லின் இரண்டாம் எழுத்து ட், சரி, எதுகை நிற்கிறது, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடக் காதில் விழும். நடுவில் எங்கிருந்து வந்தது கிணற்று. வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தவன் மாதிரி. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து வட்டம் போட்டார். இரண்டாவது பாட்டு, வெள்ளைப் பூனை வந்தது, பள்ளிக் கூடம் பார்த்தது, வடக்கே திரும்பி நின்றது, துள்ளி ஓடிப் போனது. பூனைக்குத் திசை என்னத்துக்கு. வடக்கே என்ற சொல்லுக்கு ஒரு வட்டம். நாலாவது, தங்க நிறத்து மாம்பழம், எங்கள் தோப்பில் பழுத்தது, படியில் உருண்டு விழுந்தது, தங்கை கையில் கிடைத்தது. படிக்கு ஒரு வட்டம். ஆனால் மூன்றாவதுதான் இவருக்கு ருசியாக இருந்தது. சின்னச் சின்ன அணிலுக்கு, என்ன வேலை மரத்திலே, மூன்று கோடு முதுகிலே, தின்னத் தின்ன ஆசையாம். மேலோட்டமாகப் படிக்கிறவனுக்கு இதில் குற்றம் தெரியாது, மூன்று என்ற சொல்லிலும் ன் இருக்கிறதே என்பான். முதலெழுத்து அளவு ஒக்க வேண்டாமா. சி, எ, தி எல்லாம் குறில். மூ நெடில். குறிலுக்கு நடுவில் நெடில் வந்து நின்றால் அது எதுகை ஆகாது. வானொலிக்காரருக்கு இது தெரிந்திருக்குமா, மனதைத் தொட்டவளுக்குத் தெரிந்திருக்குமா, தமிழ்நாட்டில் இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும். அளவு தப்பு என்று வாய்விட்டே சொல்லி வட்டத்தை இரண்டு சுற்று போட்டார். அந்தத் திருப்தி அடங்குவதற்குள் அட்டையைத் திருப்பி எழுதினவள் பெயரைப் பார்த்தார். இரா. முத்தழகி. சரி, முத்தழகி. எத்தனையோ முத்தழகி. முப்பத்துநாலு வருஷத்தில் வருஷத்துக்கு இரண்டு முத்தழகியாவது வகுப்பில் இருந்திருப்பார்கள், பொன்னழகி, பேரழகி, எல்லா அழகியும் சந்தி பிரிக்கத் தெரியாமல் முழித்தவர்கள். படம்கூடப் போடவில்லை, சேரன்மாதேவியில் வசிக்கிறார் என்று ஒரு வரி. அவ்வளவுதான். அந்தப் பெயரைப் பார்த்தபோது ஏன் தண்ணீர்க் குழாய் நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்து முற்றத்துக் குழாய், அடியில் எப்போதும் சேறு, அதற்குப் பக்கத்தில் ஏதோ வெள்ளையாக. என்ன வெள்ளை. கைக்குட்டையா, சாக்பீஸா. மனசு அங்கே போய் நின்றது, நின்று திரும்பிவிட்டது. சேரன்மாதேவி. அங்கே யாரையும் இவருக்குத் தெரியாது.

"சார், தூங்குதியளா?" என்று வலப்பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "இல்லை." "இல்ல, புஸ்தகம் மடியிலேர்ந்து நழுவுது, அதான் சொன்னேன்." கண்ணைக் கீறலாகத் திறந்தார், பச்சையும் மஞ்சளுமாக ஒரு சேலை கரைந்து ஓடியது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்பு. மூடிக்கொண்டார். அவள் நிறுத்துகிற சாதி இல்லை. பேர் செல்லக்கனி, மானூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள், வீட்டுக்காரருக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கு, உள்ளே கூட்டிப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது, எல்லாவற்றையும் கேட்காமலேயே சொன்னாள். "பிள்ளைய புஸ்தகமா இருக்கே சார், பேரனுக்கா?" "பரிசுக்கு." "பேரனுக்குப் பரிசு கொடுத்திருக்காகளா?" சில பேருக்குப் பதில் சொல்வது நமக்கு நாமே செய்துகொள்கிற அவமானம். "கொஞ்சம் தாரியளா, பாத்துட்டுத் தாரேன், உக்காந்து உக்காந்து கண்ணு அசருது." கொடுத்தார். கொடுத்தால் வாய் மூடும் என்று நினைத்தது தப்பு, அவள் வாயைத் திறந்து படிக்கிறவள். எழுத்துக் கூட்டி, வரியில் விரல் ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது, முணுமுணுப்புக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு குரல். எட்டாம் வகுப்போடு நின்றவள் குரல், சந்தேகமே இல்லை. எங்கள் தோப்பில் பளுத்தது. "பழுத்தது" என்றார் கண்ணைத் திறக்காமல். "ஆமா சார், மாம்பளம்லா, பளுக்கத்தான செய்யும்" என்றாள் அவள். இந்த நாட்டில் ழகரம் செத்த இடத்தில் ஒரு கல் நட வேண்டும். பக்கம் புரண்டது. பின்னால் போனது, முன்னால் வந்தது. திடீரென்று அவள் தொடையில் தட்டிக்கொண்டு, "ஐய, நீங்களே கண்டுபிடிச்சிட்டியளே!" என்றாள். "எதை?" "இந்தச் செவப்பு வட்டம் நீங்க போட்டதுதான?" "ஆமாம். அதெல்லாம் பிழை." "பிழையா? வட்டத்த மட்டும் வரிசையா வாசிச்சுப் பாருங்க. கிணற்று. வடக்கே. மூன்று. படியில். கிணத்துக்கு வடக்க மூணாம் படியில. மணி அங்கதான கெடக்கு?" அவள் சிரித்தாள், பக்கத்து ஆள் கண்ணை மூடியபடியே என்ன என்ன என்று கேட்க அவருக்கும் சொன்னாள். "படிச்சவுக படிச்சவுகதான் சார். நான் தலகீழா நின்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. அந்தப் புள்ளைய நூறு பக்கம் அலையுது, நீங்க பாத்த ஒடனே வட்டம் போட்டு வச்சிருக்கிய."

மாசிலாமணி அசையாமல் உட்கார்ந்திருந்தார். லேகியக்காரன் பேசிக்கொண்டே இருந்தான். தற்செயல் என்று ஒரு சொல் வந்தது, அதைப் பிடித்துக்கொண்டார், அது கையோடு வந்துவிட்டது. ஒன்று தற்செயலாக வரலாம், இரண்டு வரலாம், நாலும் வரிசையாக வந்து ஒரு கிணற்றுப்படியில் உட்காருமா. அப்படியானால் வேண்டுமென்றே வைத்தது. அப்படியானால் எதுகை தெரியாதவள் இல்லை. கிணற்று, வடக்கே, படி, இந்த மூன்றையும் யார் வேண்டுமானாலும் பொருந்தாமல் வைத்துவிடலாம். ஆனால் மூன்று. ன்னுக்குள் ன்னை வைத்து, நெடிலை மட்டும் முள்ளாக நிறுத்தி, பார்க்கிறவன் பார்க்காமல் தாண்டிப் போகிற மாதிரி ஒரு பிழையைச் செய்ய அளவு தெரிய வேண்டும், இவர் தெரிந்த அளவுக்குத் தெரிய வேண்டும். இவருடைய வட்டம் நாலும் அவள் தோண்டி வைத்த குழியில் ஒழுங்காகப் போய் விழுந்திருக்கிறது. துப்புத் துலக்கிவிட்டு, துலக்கினது தெரியாமல், மூக்கைச் சுளித்துக்கொண்டு தொண்ணூறாம் பக்கத்தில் எழுந்து போன ஆள். வானொலிக்காரர் கண்டுபிடித்திருப்பார். மனதைத் தொட்டவளும் கண்டுபிடித்திருப்பாள், அதற்கென்ன, கடைசி அத்தியாயத்தில் எழுதியே இருக்கும், இவர்தான் படிக்கவில்லை. "சார், இங்க ஒரு வாத்தியார் வாராரு" என்றாள் செல்லக்கனி, வாசித்தாள். மூன்றாவது பாட்டில் மட்டும் எங்களுக்கு ஒன்றும் சிக்கவில்லை. எல்லா வரியும் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆவுடையப்பன் சாரிடம் போகலாம் என்றாள் வள்ளி. பயந்துகொண்டேதான் போனோம். சாருடைய சட்டைப் பையில் மூடி இல்லாத சிவப்புப் பேனா இருக்கும், பையின் மூலையில் எப்போதும் ஒரு சிவப்புக் கறை. இவர் கை தானாகப் போய்ச் சட்டைப் பையைத் தொட்டது. கோமு நாற்பது வருஷமாக அந்தக் கறைக்குத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். சார் நோட்டை வாங்கி ஒரே ஒரு முறை பார்த்தார். நாங்கள் எழுதிய பாட்டு என்று நினைத்துக்கொண்டார். மூன்று என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, அளவு தப்பு என்றார். பிறகு நோட்டை மூடி என் கையில் கொடுத்து, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, இன்னும் எழுது என்றார். "நல்ல சாரு" என்றாள் செல்லக்கனி. குழாய். இப்போது மனசு திரும்பவில்லை, அங்கேயே நின்றது. ஒன்பதாம் வகுப்பு, மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், இரட்டைச் சடை போட்ட ஏதோ ஒரு பெண் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, பாட்டு எழுதியிருக்கேன் சார் என்றாள். முகம் வரவில்லை, எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை, எல்லாம் வந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அந்தத் திட்டு. இவர் வாங்கிக்கொண்டு வகுப்புக்கு நடுவில் நின்று அதை உரக்கப் படித்தார். ஒவ்வொரு பிழைக்கும் நிறுத்திப் படித்தார். குரலை மாற்றிப் படித்தார். அறுபது பெண்கள் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு, இதை யாரிடமும் சொன்னதில்லை, இவருக்குப் பிடித்திருந்தது, அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு சைக்கிளில் போகும்போதும் காதில் இனிப்பாக இருந்தது. பிறகு அளவு தப்பு என்று சொல்லி நோட்டை ஜன்னல் வழியாக விட்டெறிந்தார். குழாயடியில் போய் விழுந்தது. போய் எடுத்துட்டு வா என்றார், எடுக்கப் போனவள் வகுப்புக்குள் வரவில்லை, மணி அடிக்கும்வரை அந்த முற்றத்தில் நோட்டை விரித்து உதறிக்கொண்டு நின்றாள், இவர் ஜன்னலில் பார்த்தபடியே அடுத்த செய்யுளை நடத்தினார். அவள்தான் இவளா. இல்லாவிட்டால் வேறு யார். சரி, அவளே ஆகட்டும், எழுதினவள் உள்ளதை எழுத வேண்டியதுதானே. ஜன்னலை எழுதியிருக்கலாம், சேற்றை எழுதியிருக்கலாம், கிழவன் பல்லிளித்தான் என்று எழுதியிருந்தால் இவர் அந்தப் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி எறிந்திருப்பார், நிம்மதியாக இருந்திருக்கும். யாரைக் கேட்டு இவரை நல்லவராக்கினாள். இவர் சொல்லாத ஒரு வாக்கியத்தை இவர் வாயில் வைத்திருக்கிறாள், இவர் நீட்டாத கையை நீட்ட வைத்திருக்கிறாள். முப்பத்துநாலு வருஷத்தில் மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா என்று தேடினார். தன் மகனிடம். கோமுவிடம். ஒரு மாணவனிடம், ஒரே ஒருவனிடம். தேடிக்கொண்டே இருந்தார். இமைக்குள் செம்மண் வெளிச்சம், நடுவில் திட்டு, அதைச் சுற்றி யாரோ வட்டம் போட்ட மாதிரி ஒரு சிவப்பு. திருத்திவிட்டாள். இவரைப் பிழை என்று எடுத்துத் திருத்தி அச்சிலே போட்டுவிட்டாள், அதுவும் கோபமே இல்லாமல், அதைத்தான் இவரால் பொறுக்க முடியவில்லை.

"சார், ஒங்க போனு அடிக்கி" என்றாள் செல்லக்கனி. பையில் தடவினார், கண்ணாடிக் கூடு வந்தது, பர்ஸ் வந்தது, அவள்தான் எடுத்து எதையோ அமுக்கிக் கையில் கொடுத்தாள். "ஐயா, சிதம்பரதாணு பேசுதேன். மத்த ரெண்டு பேரும் ஒரே குரலாச் சொல்லிட்டாக, ஒங்க ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். அந்த அம்மாவுக்கு இதுதான் மொதப் புஸ்தகமாம், அழைப்பிதழுக்குப் பேரு கொடுக்கணும்." மாசிலாமணி வாயைத் திறந்தார். நன்றாக இருக்கிறது என்ற சொல் தொண்டைவரை வந்ததா வரவில்லையா என்று அவருக்குப் பிற்பாடும் தெரியவில்லை, வந்தது வேறு, எத்தனையோ வருஷம் நடந்து தேய்ந்த பாதையில் அதுவாகவே இறங்கி வந்தது. "எதுகை நிற்கவில்லை" என்றார். "நாலு பாட்டிலும் பிழை. பிள்ளைகள் கையில் கொடுக்கிற புத்தகத்தில் இப்படி இருக்கக் கூடாது. தகுதியில்லை." "அது வந்து ஐயா, பேராசிரியை அம்மா அது ஏதோ துப்புக்காக..." "யாப்பைப் பற்றி அவர் எனக்குச் சொல்ல வேண்டாம்." "இல்லைங்க ஐயா, நீங்க சொன்னாச் சரிதான். அப்ப இந்த வருஷம் பரிசு இல்லைன்னு எழுதிக்கிடட்டா?" இப்போதும் நேரம் இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம், தாராளமாக இருந்தது. செல்லக்கனியின் விரல் பக்கத்தில் ஓடுவது நின்றிருந்தது. "ஐயா? லைன்ல இருக்கியளா?" "இருக்கிறேன்." "வேற ஏதும் சொல்லணுமா?" "வேற ஒண்ணுமில்லை" என்றார், அந்த ஒண்ணுமில்லையில் குரல் உடைந்ததைச் சிதம்பரதாணு சளி என்று எடுத்துக்கொண்டு, உடம்பைப் பாத்துக்கிடுங்க ஐயா என்று சொல்லி வைத்துவிட்டார்.

பக்கத்து நாற்காலிக்காரி ஏதாவது சொல்வாள் என்று இவர் காத்திருந்தார், ஏன் காத்திருக்கிறோம் என்று தன்னையே கேவலமாக நினைத்துக்கொண்டு காத்திருந்தார், ஒரு சத்துணவுக்காரி என்ன சொல்லிவிடப்போகிறாள். "அது பிழையில்லையே சார்" என்றாள் அவள் கடைசியில், சண்டைக்கு வருகிற குரலில் இல்லை, கடைக்காரன் மீதிச் சில்லறை கொடுக்க மறந்ததைச் சொல்கிற குரலில். "துப்புல்லா அது. ஒங்களுக்குத்தான் தெரியுமே." "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது." "ஆமா, எனக்குப் புரியாதுதான்" என்று ஒத்துக்கொண்டாள். அதற்குமேல் அவளிடம் இவர்மேல் மரியாதை எதுவும் மிச்சமில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் அறுபது பேர் சிரித்தபோது ஒருத்திக்கு இப்படித்தான் காது அடைத்திருக்குமா. நர்ஸ் பெண்ணின் செருப்புச் சத்தம் வந்து நின்றது. "மாசிலாமணி தாத்தா, டாக்டர் கூப்பிடுறாங்க, கண்ணத் தெறங்க பாப்போம், மெதுவா, மெதுவா." திறந்தார். வெளிச்சம் அப்படியே முகத்தில் அறைந்தது, சுவர், விளக்கு, ஆட்கள் எல்லாம் வெள்ளையாக வழிந்தன, கிட்டத்தில் இருக்கிற எதற்கும் விளிம்பு இல்லை. "புத்தகத்தைக் கொடுங்க" என்றார், "அறக்கட்டளைக்குத் திருப்பி அனுப்பணும்." "தாரேன் சார், எங்கிட்டு ஓடிரப் போவுது. நீங்க உள்ள போய்ட்டு வாங்க. இன்னும் ரெண்டு பக்கம் கெடக்கு, அந்தப் புள்ளைய கிணத்துப் படியில எறங்கி நிக்கி" என்றாள் செல்லக்கனி, சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து முணுமுணுக்கத் தொடங்கினாள். அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று குரலை வைத்துக் குறிபார்த்து மாசிலாமணி கையை நீட்டினார். வழி தெரியாமல் நீட்டுகிறார் என்று நினைத்து நர்ஸ் பெண் அந்தக் கையைப் பிடித்து, "வாங்க தாத்தா, இந்தப் பக்கம்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.